துணி போட்டு மூடிய பெட்டி

கதிர், ஓசூரில் உன்னை சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள், இனி உனக்குக் கீழே பதினோரு பேர் வேலை செய்வார்கள் என்று அப்பா வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய். அம்மாவுக்கு எதற்குத்தான் பயம் வராது என்பாய். மழை பெய்தால் பயம், நீ வண்டியை எடுத்தால் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். அதெல்லாம் வழக்கமான பயம். சோறு வடிப்பதைப் போல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். நான் இப்போது சொல்லப் போவது வேறு. போன தை மாதம் எங்கள் ஸ்கேன் சென்டரில் ஒன்று நடந்தது. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். உன் அப்பாவுக்குப் பாதி தெரியும். உனக்கு ஒன்றுமே தெரியாது. போனில் இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் மனைவி படிக்கட்டும், உன்னோடு வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும். ஆட்களை வைத்து வேலை வாங்குகிற யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதலியார்பேட்டையில் எங்கள் சென்டர் இருக்கிற கட்டடத்தை நீ பார்த்திருக்கிறாய். உள்ளே வந்ததில்லை. வரவேற்பில் நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் குனிந்து நிற்கிற உயரத்தில் ஓர் அறை உண்டு. பழைய ஃபிலிம் கவர்கள், துடைப்பம், பினாயில் கேன், இவற்றோடு ஒரு ஸ்டூல் மேல் ஒரு கறுப்புப் பெட்டி. மிக்ஸி வருகிற அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். நாஸ் என்று அதற்குப் பெயர். ஸ்கேன் மிஷினுக்குள் சில வாரப் படங்கள்தான் நிற்கும். அதற்கு முன்னால் எடுத்த படங்கள் எல்லாம் வயர் வழியாக இந்தப் பெட்டிக்குப் போய்விடும். உள்ளே நான்கு டிஸ்க். ஒரு டிஸ்க் கெட்டுப்போனாலும் மற்ற மூன்றும் சேர்ந்து படங்களைக் காப்பாற்றிவிடும், இரண்டு கெட்டால் முடியாது என்று பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவர் அன்றைக்கே சொன்னார். "முன்னாடி நாலு பச்சை லைட் எரியும். எதாவது ஒண்ணு ஆரஞ்சு ஆனாலோ, பெட்டி கத்தினாலோ உடனே சொல்லணும். ஆறப்போடக் கூடாது" என்றார். அதைக் கேட்டுக்கொண்டவள் நான்தான். பழைய படங்களை எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது என்பதால் அந்தப் பெட்டியின் பொறுப்பும் என்னிடமே வந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பது எங்கள் டாக்டரின் வழக்கம். அவர் கண்டிப்பான மனிதர். நல்லவர், ஆனால் வாயைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும். அன்றைக்கு நான் அந்தப் பெட்டியையும் துடைத்தேன். முறைப்படி அதைக் கம்ப்யூட்டர் வழியாக நிறுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும். எனக்கு அவசரம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். தூசி போகட்டும் என்று டிஸ்க் இருக்கிற தட்டு ஒன்றை இழுத்துப் பார்த்து மறுபடி தள்ளினேன். பொட்டு வைத்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பூஜை லீவு முடிந்து காலையில் கதவைத் திறந்தால் பெட்டி கத்துகிறது. குழந்தை விட்டு விட்டு அழுவது போல ஒரே சீரான சத்தம். மூன்றாவது விளக்கு ஆரஞ்சு. கம்ப்யூட்டரில் பார்த்தால் மஞ்சள் கட்டத்துக்குள் 'வால்யூம் டிகிரேடட்' என்று எழுதியிருந்தது. ஒரு டிஸ்க் போய்விட்டது, இனி இன்னொன்று போனால் எல்லாம் போகும் என்று அர்த்தம். நான் துடைத்ததால்தான், சுவிட்சைத் தட்டியதால்தான், தட்டை இழுத்ததால்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் இன்னும் வரவில்லை. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். திரையில் அந்த மஞ்சள் கட்டத்துக்குக் கீழே சத்தத்தை ஒரேயடியாக நிறுத்துவதற்கு ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினேன். அமைதியாகிவிட்டது.

மத்தியானம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மத்தியானம் டாக்டர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். சாயந்திரம் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை, 'நேற்றே ஏன் சொல்லவில்லை' என்று கேட்பாரே என்று தோன்றியது. அதற்கு மறுநாள், 'இரண்டு நாளாக ஏன் சொல்லவில்லை' என்று கேட்பார். கதிர், இப்படித்தான் அது வளர்ந்தது. சொல்லாத ஒவ்வொரு நாளும் சொல்வதை இன்னும் கொஞ்சம் கடினமாக்கியது. ஒரு வாரம் ஆனதும் அந்த ஆரஞ்சு விளக்கை என்னால் பார்க்கவே முடியவில்லை. துடைப்பம் எடுக்க அந்த அறைக்குள் போகிற எங்கள் அட்டெண்டர் தங்கராசுவின் கண்ணில் பட்டுவிடுமே என்றும் பயம். வீட்டிலிருந்து உன் பழைய துண்டு ஒன்றைக் கொண்டுபோய்ப் பெட்டியின் மேல் போட்டு, முன்பக்கமும் மறைகிற மாதிரி இழுத்துவிட்டேன். தூசி படாமல் இருக்க என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழை வந்தது, தெருவெல்லாம் தண்ணீர் நின்றது, வடிந்தது. தினமும் காலையில் ரயில்வே கேட் தாண்டும்போதே சாவியைக் கையில் எடுத்துக்கொள்வேன். கதவைத் திறந்ததும் துண்டைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரே ஒரு ஆரஞ்சு. அப்பாடா. இன்றைக்கு ஒரு நாள் போகும். அப்பா என் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா உடம்புக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, புளிச்ச ஏப்பமா வருது" என்றேன். அவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். அதையும் தினம் ஒன்று போட்டேன். இல்லாத நோய்க்கு மாத்திரை.

பொங்கல் கழிந்து வந்த திங்கட்கிழமை செல்வி வந்தாள். அவளுக்கு நாற்பது வயதிருக்கும். பாகூர் பக்கத்துக் கிராமம். புருஷன் விவசாயம், இவள் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. இரண்டரை வருஷத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து விலாவில் அடிபட்டு எங்கள் சென்டரில்தான் நெஞ்சு ஸ்கேன் எடுத்தாள். இப்போது இருமல் நிற்கவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் நுரையீரலுக்குள் ஆழத்தில் காராமணி அளவுக்கு ஒரு கட்டி தெரிந்திருக்கிறது. கையில் அங்கே எடுத்த படமும் அறுவை டாக்டரின் சீட்டும்.

"அக்கா, போன தடவ எடுத்த படத்துல இது இருந்துச்சா இல்லியான்னு பாக்கணுமாம். அப்பவே இதே சைசுல இருந்துச்சுன்னா ஒண்ணும் பண்ண வேணாமாம், சும்மா உட்டுடலாமாம். இல்லன்னா வெள்ளிக்கிழம நெஞ்சத் தொறந்து எடுக்கணுமாம்" என்றாள். பழைய ஃபிலிம் எங்கே என்று கேட்டேன். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டதாம். பழைய ரிப்போர்ட்டின் நகல் எங்களிடம் இருந்தது. அதில் விலா எலும்பு முறியவில்லை என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. படம் வேண்டும். படம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

பெயரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சிவப்புக் கட்டம். 'வால்யூம் கிராஷ்டு.' எழுந்து அந்த அறைக்குப் போனேன். துண்டைத் தூக்கினேன். காலையில் ஒன்றாக இருந்த ஆரஞ்சு இப்போது இரண்டு.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் மோசம். டிவி நின்றுபோனால் அணைத்துப் போடுவோமே, அது போல மூன்று முறை பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டேன். மூன்றாவது முறை உள்ளிருந்து நகம் தட்டுவது போல டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. திரையில், புதிதாக வால்யூம் உருவாக்கட்டுமா என்று ஒரு கேள்வி. உருவாக்கினால் சரியாகிவிடும் போல என்று மவுஸை அதன் மேல் கொண்டுபோய்விட்டேன். விரல் பட்டனில் இருந்தது. செல்வி அப்போது வெளியே பெஞ்சிலிருந்து இருமினாள். ஏனோ விரலை எடுத்துவிட்டேன்.

டாக்டரிடம், "பெட்டி வேலை செய்யல சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். முகம் கறுத்துப்போனது. "யாரு இதைத் தொட்டது?" என்று கத்தினார். எல்லோரும் கூடிவிட்டார்கள். தங்கராசுவை உனக்குத் தெரியும். மில்லில் அப்பாவோடு வேலை பார்த்தவர், மில் மூடிய பிறகு எங்கள் சென்டரில் அட்டெண்டராகச் சேர்ந்தவர். பாவம், அவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "சனிக்கெழம டியூப்லைட்டு மாத்தறதுக்கு மெயினை ஆஃப் பண்ணேன் சார். அதுனால இருக்குமா?" என்றார்.

"யாரைக் கேட்டு ஆஃப் பண்ண? பேஷன்ட்டோட உயிர்யா இது! உனக்கு டியூப்லைட்டுதான் முக்கியமா? போ, வீட்டுக்குப் போ. நாளைலேர்ந்து வராத."

தங்கராசு சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். "இது சென்டரோடதும்மா" என்றார். போய்விட்டார். நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு, ஏன் எனக்கு வாய் வரவில்லை என்று யோசித்தேன். அப்போது உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. உனக்கு ஒன்பது வயது. அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனாய். பூட்டாமல் விட்டுவிட்டு விளையாடியிருக்கிறாய். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் இல்லை. அங்கிருந்து உழவர்கரை வரை நடந்தே வந்தாய். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, சைக்கிளைத் தொலைச்சிட்டேன்" என்று நீயாகவே சொன்னாய். பொய் சொல்லவில்லை, ஒளியவில்லை. நீ அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நான் கையில் இருந்த கரண்டியால் அடித்தேன். முழங்கையில் தழும்பு இருக்கிறதே, அதுதான். எத்தனை தூரம் நடந்தாய், தண்ணீர் குடித்தாயா என்று கேட்கவில்லை. பிறகு காலேஜில் நீ நான்கு பேப்பர் அரியர் வைத்ததை ஒரு வருஷம் மறைத்தாய் என்று தெரிந்தபோது, 'இவன் யாரைப் போல இப்படிப் பொய்க்காரனாக ஆனான்' என்று அப்பாவிடம் அழுதேன். உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்பதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. சைக்கிள் தொலைந்து இருபது வருஷம் கழித்து, தங்கராசு கேட்டைத் தாண்டிப் போன அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ரெஜினா வந்தாள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து படம், கோப்பு எல்லாம் மீட்டெடுக்கிற சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், தோளில் ஒரு பை, அதிகம் பேசமாட்டாள். வந்ததும் முதலில் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். "இனிமே யாரும் இதைப் போட வேணாம். ஒவ்வொரு தடவ போடும்போதும் கொஞ்சம் சாவுது" என்றாள். திரையில் வந்த அந்தக் கேள்வியை நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள். "அழுத்தினீங்களா?" இல்லை என்றேன். "கர்த்தர் காப்பாத்துனாரு. அழுத்தியிருந்தீங்கன்னா பழசெல்லாம் அழிஞ்சிருக்கும், நான் வந்தே பிரயோஜனம் இல்ல."

டாக்டர் நடுவில், "நாலு டிஸ்க் இருக்கே, அதுல ஒண்ணு நகல்தானே?" என்று கேட்டார். "இல்ல சார். ஒண்ணு போனா தாங்கும், அவ்ளோதான். நகல்னா வேற எடத்துல, வேற பெட்டியில இருக்கணும். எங்க வச்சிருக்கீங்க?" என்றாள். எங்கேயும் வைத்திருக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் ரெஜினா ஸ்டூலுக்குப் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். "இது எதுக்கு?" என்றாள். "தூசிக்கு" என்றேன். அவள் அதை மடித்து வைத்தாள்.

பெட்டியோடு என்னையும் போகச் சொன்னார் டாக்டர். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், நீ பிறந்த ஏழாம் நாள் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததைப் போல. ஒர்க்‌ஷாப்பில் ரெஜினா நான்கு டிஸ்க்குகளையும் உருவி, எந்தத் தட்டில் இருந்தது என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதி, வரிசையாக வைத்தாள். இரண்டு நல்லவை. இரண்டு கெட்டவை. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, இந்த ரெண்டும் வெளியிலேர்ந்து பாக்க ஒரே மாதிரிதான் செத்துக் கெடக்குது. ஆனா ஒண்ணு முன்னாடி போயிருக்கும், ஒண்ணு பின்னாடி போயிருக்கும். முன்னாடி போனதுல இருக்கறது பழசு. அதை எடுத்துச் சேத்தா எல்லாப் படமும் கொழம்பிடும். பின்னாடி போனதை முழுசா இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அதை வச்சித்தான் கோக்கணும். அதுக்கு ரெண்டு நாள் ஆவும். வெள்ளிக்கெழமக்குள்ள ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு. ஒண்ணு வேற சத்தம் போடுது, ஒரு தடவைக்கு மேல தாங்காது. எது முதல்ல போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கதிர், அந்த ஒர்க்‌ஷாப்பில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஷெட்டில் யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவள் எதையோ ஒன்றை எடுத்திருப்பாள். சரியாகவும் இருந்திருக்கலாம், தப்பாகவும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிய வந்திருக்காது. அந்த நேரத்தில் எனக்குச் செல்வி இருமிய சத்தம்தான் கேட்டது.

"மூணாவது" என்றேன். "மூணாவதுதான் முதல்ல போச்சு."

"எப்போ?"

"ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு."

அவள் உடனே திட்டுவாள் என்று நினைத்தேன். மூன்றாவது டிஸ்க்கை எடுத்துத் தனியாக மேஜையின் மறுகோடியில் வைத்தாள். "நல்லது. இது போதும் எனக்கு" என்றாள். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துடைத்தது, சுவிட்சைத் தட்டியது, தட்டை இழுத்தது, சத்தத்தை நிறுத்தியது, துண்டு போட்டது. அவள் வேலை செய்துகொண்டே கேட்டாள். கடைசியில், "டாக்டருக்குத் தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை காலை டாக்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூணு மாசமா?"

"ஆமா சார்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு டிஸ்க்கை மாத்தியிருப்போம். ஒரு நாள் வேலைம்மா." அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் கத்துவேன்னுதானே சொல்லல?"

"ஆமா சார்."

"தங்கராசுக்குப் போன் போடுங்க. நான் பேசறேன்" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

வெளியே வந்தால் செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று நாளாகத் தினமும் வருகிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கோபப்படுவதற்குக்கூட அவளிடம் இடம் இல்லை. "வெள்ளிக்கெழமக்குள்ள கெடச்சிடுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அவள் கையைப் பிடிக்க நினைத்தேன். பிடிக்க எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரெஜினா போன் செய்தாள். டாக்டரும் நானும் தட்டாஞ்சாவடிக்குப் போனோம். நகல் எடுத்த டிஸ்க்கையும் நல்ல டிஸ்க் இரண்டையும் சேர்த்து, எதையும் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறந்து வைத்திருந்தாள். செல்வியின் பெயரைத் தட்டினாள். வந்தது. டாக்டர் ஒவ்வொரு படமாக நகர்த்தினார். கழுத்துப் பக்கம் நன்றாக இருந்தது. கொஞ்சம் கீழே வந்ததும் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் மறுபடி நுரையீரல் தெரிந்தது. டாக்டர் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். புதுப் படத்தைப் பக்கத்தில் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார்.

"இருக்கு" என்றார். "அதே எடம். அதே சைஸ்."

அவர் அங்கேயே நின்றபடி அறுவை டாக்டருக்குப் போன் செய்து படத்தையும் அனுப்பினார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஒரு முறை பார்த்தால் போதும், இருமலுக்கு வேறு மருந்து என்று முடிவானது. சென்டருக்குத் திரும்பிச் செல்வியிடம் சொன்னபோது அவள் அழவில்லை, கும்பிடவில்லை. "இத ஃபிலிம்ல போட்டுக் குடுங்க. சி.டி.லயும் போட்டுக் குடுங்க. ரெண்டு வேணும், ஒண்ணு எங்க அம்மா ஊட்டுல வைக்கணும்" என்றாள். அவளுக்குப் புரிந்த அளவு எங்களில் யாருக்கும் புரியவில்லை.

பெட்டிக்குள் இருந்த பதிவேட்டையும் ரெஜினா எடுத்துக் காட்டினாள். மூன்றாவது டிஸ்க் சித்திரை மாதத்திலிருந்தே அங்கங்கே கெட ஆரம்பித்திருக்கிறது. எச்சரிக்கை மெயில்கள் போயிருக்கின்றன. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு. நான் துடைத்ததால் அது சாகவில்லை. துடைக்காமல் இருந்தாலும் அந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ போயிருக்கும். இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வர வேண்டும் அல்லவா? அவள் அடுத்த பக்கத்தைக் காட்டினாள். உள்ளே எவ்வளவு சூடு என்று தினமும் பதிவாகியிருக்கிறது. நான் துண்டு போட்ட நாளிலிருந்து அது ஏறிக்கொண்டே போகிறது. "ரெண்டாவதா போன டிஸ்க் அதுனாலதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேங்க்கா. ஆனா அதுக்கு நல்லது பண்ணல" என்றாள். செய்யாத தப்புக்குப் பயந்துகொண்டு மூன்று மாதம் நான் செய்ததுதான் தப்பு.

எல்லாம் திரும்பக் கிடைக்கவில்லை, கதிர். சில மாதங்களின் படங்கள் அடியோடு போய்விட்டன. யார் யாருடையது போனது என்று பெயர்களை ஒரு நோட்டில் எழுதி என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பழைய சீட்டோடு யாராவது வந்து நின்றால், பெயரைக் கேட்டுவிட்டு அந்த நோட்டைத் திறக்கிற நேரம் இருக்கிறதே, அது இன்னும் எனக்குப் பழகவில்லை. இதுவரை நோட்டில் இருக்கிற இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது ஆள் யார், என்ன சீட்டோடு வருவார் என்று தெரியாது. தங்கராசு திரும்ப வேலைக்கு வந்தார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது டீ வாங்கப் போகும்போது எனக்கும் ஒன்று வாங்கி வருகிறார், ஆனால் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அது போதும். புதுப் பெட்டி வந்துவிட்டது, வேறு கட்டடத்தில் ஒரு நகலும் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு பழைய படத்தைத் திறந்து, உண்மையிலேயே திறக்கிறதா என்று நான் பார்க்கிறேன். டாக்டர் இன்னமும் கத்துகிறார். ஆனால் யாராவது, "சார், ஒண்ணு சொல்லணும்" என்று போய் நின்றால், முதலில் உட்காரச் சொல்கிறார்.

உனக்குக் கீழே இருக்கப் போகிற பதினோரு பேரில் ஒருவன் ஒரு நாள் உன் முன்னால் வந்து தலையைச் சொறிவான். வார்த்தை வராது. ஏதோ உடைந்திருக்கும், ஏதோ நின்றிருக்கும். அப்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தவன் உன்னிடம் வருவான், அல்லது ஒரு துணியைத் தேடிப் போவான். கோபம் வரட்டும், வராமல் இருக்காது. நீ என் பிள்ளை. அவன் சொல்லி முடித்த பிறகு வரட்டும். இதை நான் அறிவுரை என்று சொல்லவில்லை. என்னால் செய்ய முடியாமல் போனதை உன்னிடம் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. உண்மையில் அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, நான் எதுவும் கேட்காமலே, "இங்க எல்லாம் நல்லாத்தான் போவுதும்மா" என்று மூன்று முறை சொன்னாய். பிரமோஷன் கிடைத்தவன் பேசுகிற மாதிரி இல்லை. சாப்பிட்டாயா என்றதற்கு, வயிறு சரியில்லை என்றாய். உன் மனைவியிடம் போனைக் கொடு என்றேன். அவள் குளிக்கிறாள் என்றாய். பின்னால் அவள் யாரிடமோ பேசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. உடம்போ, வேலையோ, வீட்டுக்குள் ஏதாவதோ, எனக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். மூன்று மாதம் அதே குரலில்தான் நான் உன் அப்பாவிடம் பேசினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். பத்து மணியிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எதுவாக இருந்தாலும் சொல். நீ முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, கண்ணு. இருந்தாலும் சொல்.